என் பெயரில் ஓர் ஏரி

எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. மளிகைச் சாமானுக்குப் போடுவேன். தலைவலிக்கான காரணங்களுக்கும் போடுவேன். அது முற்றிப்போன ஒரு நாளில்தான் ஒரு பஸ்ஸை ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிப் பொறியாளராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒரு மாதத்தில் பணி நிரந்தரம். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் ஆலையைப் பார்க்க வரவிருந்ததால், கர்நாடக எல்லையை ஒட்டிய குளிரான தளியிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்ஸின் நிறுத்தப் பட்டியலைச் சரிசெய்யச் சொன்னார்கள். வாங்கிப் பார்த்தேன்.

வெல்கம் மேடு. தக்காளி வளைவு. ஸ்வெட்டர் மரம்.

எதுவுமே வரைபடத்தில் இல்லை. (கோவில்பட்டிக்காரி எனக்கு, ஊர் என்றால் போர்டில் எழுதியிருக்க வேண்டும்.) எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கிராமங்களின் அரசாங்கப் பெயர்களை அச்சடித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினேன். செல்போன் வரைபடத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் இருந்த புள்ளியை ஓட்டுநர் முனிராஜண்ணனுக்கு அனுப்பினேன்.

"புள்ளி இருக்கிற இடத்துலதான் நிறுத்தணும். வேற எங்கயும் கூடாதுண்ணா."

"சரிங்க மேடம்."

அந்தச் 'சரி'யில் இருந்த இரக்கம் எனக்கு அப்போது புரியவில்லை.

வாடிக்கையாளர் வரும் நாள்தான் புதுப் பட்டியலுக்கும் முதல் நாள். என் சாதனையைக் கண்ணால் காணத் தளிக்கே போய் பஸ் ஏறினேன். முதல் நிறுத்தத்துக்காக பஸ் மண்பாதையில் இறங்கி, குலுங்கி, நின்றது. எதிரே தண்ணீர். ஒரு கொக்கு. ஆளே இல்லை.

"என்னண்ணா, இங்க நிறுத்திட்டீங்க?"

"புள்ளி இன்னும் முந்நூறு அடி உள்ள காட்டுதுங்க மேடம். ஏரிக்குள்ள வுடட்டுங்களா?"

வரைபடம் கிராமத்தின் நட்டநடுவில் புள்ளி வைத்திருந்தது. கிராமத்தின் நட்டநடுவில் ஏரி இருந்தது. (நீச்சல் தெரிந்தவர்களுக்கு அருமையான நிறுத்தம்.)

போன் அடித்தது. எங்கள் உற்பத்தி லைனை நடத்தும் ரத்னம்மாக்கா.

"சுகந்தி மேடம், போர்டுல ஊர் பேரு மட்டும் போட்டீங்க. ஊரு மூணு கிலோமீட்டர் இருக்குது. நான் ஸ்கூலுகிட்ட நிக்கறேன், மஞ்சுளா கோயில்கிட்ட நிக்கறா, பசவராஜு பஞ்சாயத்து ஆபீஸ்ல உக்காந்து டீ குடிக்கறான். பஸ் எங்க?"

"ஏரிக்கரையிலக்கா."

"ஏன், மீன் வாங்கறீங்களா?"

எட்டரைக்கு லைன் ஓட வேண்டும். வாடிக்கையாளர் அதன் முன்னால் நிற்பார். கொக்கு பறந்தது, கூடவே என் பணி நிரந்தரமும். ஊழியர் குரூப்பில் பேசி அனுப்பினேன்: "எல்லாரும் பழைய இடத்துக்கே வந்துடுங்க. வெல்கம் மேடு, தக்காளி வளைவு, ஸ்வெட்டர் மரம்."

பஸ் வெல்கம் மேட்டுக்குத் திரும்பியபோது அந்தக் கிராமத்து ஆட்கள் பதினான்கு பேரும் ஒரே இடத்தில் நின்றிருந்தார்கள். அங்கே என் செல்போன், 'வெல்கம் டு கர்நாடகா' என்று செய்தி காட்டியது. நாங்கள் நின்றதோ தமிழ்நாட்டில். தக்காளி வளைவில், முன்பு தக்காளி லாரி கவிழ்ந்த திருப்பம் வந்ததும் முனிராஜண்ணனின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. ஸ்வெட்டர் மரத்தடியில் தளிக்காரர்கள் யாரும் சொல்லாமலே ஸ்வெட்டரைக் கழற்றி மடித்தார்கள். குளிர் அங்கே முடிகிறது. எல்லை, ஆபத்து, வெப்பநிலை என எல்லாவற்றையும் இரண்டிரண்டு சொல்லில் அளந்து வைத்திருந்தார்கள். நாலு வருடப் படிப்பில் நான் இத்தனை கச்சிதமாக ஒரு வரிகூட எழுதியதில்லை.

லைன் ஒன்பது மணிக்குத்தான் ஓடியது. அரை மணி நேரம் வாடிக்கையாளர் ஓடாத இயந்திரத்தை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். என் பணி நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. பழைய பட்டியலையே திரும்ப ஒட்டினேன். மறுநாள் பார்த்தால், அதன் அடியில் முனிராஜண்ணன் பேனாவால் ஒன்றைச் சேர்த்திருந்தார்: சுகந்தி ஏரி.

பெயர் டவுன் பஸ் வரை பரவிவிட்டது. போன மாதம் ஊரிலிருந்து வந்த அம்மாவோடு தளிக்குப் போனபோது, கண்டக்டர் கத்தினார்: "சுகந்தி ஏரி எறங்கறவங்க முன்னால வாங்க!"

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, ஒம் பேருல ஏரியா?"

கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போது கோவில்பட்டியில் நான் ஊருக்கே ஏரி வெட்டிக்கொடுத்த பொறியாளர். எந்த விசேஷத்துக்குப் போனாலும் சித்தப்பா என்னை ஓரமாகக் கூப்பிடுகிறார்.

"அங்க வெட்டுனது இருக்கட்டும்மா. நம்ம தெருவுக்கு எப்ப வெட்டப் போற?"