குப்பூஸ் வீசி ஆள் எடுத்த கிரேன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத நான் வளைகுடாவில் என்னென்ன கட்டினேன் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஷார்ஜாவில் பள்ளிவாசல் மினாராவுக்கு உச்சி வரை சாரம் கட்டினேன். அல் ஐனில் ஒரு அரபியின் குதிரை லாயத்துக்குச் சாரம் கட்டினேன். குதிரைகள் ஏசியில் நின்றன, நான் வெயிலில் நின்றேன். ஜெபல் அலியில் கிடங்கு கிடங்காகக் கட்டினேன். ஹெல்ப்பராக வந்து இறங்கியவன், அரபிப் பேப்பரில் தலை எது கால் எது என்று தெரியாமலே கபீல், அதாவது எனக்கு விசா கொடுத்த அரபி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, சொந்தமாகச் சாரக் கம்பெனி திறந்தேன். எந்த இன்ஜினீயரும் எனக்குக் கோடு போட்டுத் தந்ததில்லை. கட்டினேன், நின்றது, அவ்வளவுதான்.

ஆனால் சாரத்தின் தலையெழுத்து, கட்டிடம் எழுந்ததும் அதைப் பிரித்துவிடுவார்கள். நான் கட்டியதில் இன்று வரை யாராலும் பிரிக்க முடியாமல் நிற்பது ஒன்றுதான்: எங்கள் ஜெபல் அலி லேபர் கேம்ப்பின் டி பிளாக் ஃபுட்பால் டீம். அதை நானும் கிரேனும் சேர்ந்து கட்டினோம். அந்தக் கிரேனைப் போல இன்னொரு கிறுக்கனைக் குவைத்திலிருந்து மஸ்கட் வரை சல்லடை போட்டுத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

தூத்துக்குடிக்காரன். கேம்ப்பை ஒட்டிய இரும்பு யார்டில் கிரேன் ஓட்டினான். அவனுடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும். காலையில் மேலே ஏறினால் ராத்திரிச் சோற்றுக்குத்தான் இறங்குவான். வருஷக்கணக்கில் மனிதர்களை மேலேயிருந்தே பார்த்ததால் அவனுக்கு யாருடைய முகமும் பிடிபடாது. உச்சந்தலையும் நடையும்தான் தெரியும். கீழே எதிரில் வந்தால், "தொப்பியக் கழத்தும், கொஞ்சம் குனியும்வே" என்பான். குனிந்ததும், "அட, நம்ம வெல்டரா! சொகமா இருக்கீரா?" என்று கட்டிப்பிடிப்பான். என்னை மட்டும் தூரத்திலேயே கண்டுகொள்வான். அப்போது என் உச்சியில் ஒரு வழுக்கை விழுந்திருந்தது. "அண்ணாச்சி தல கூட்டத்துல எங்க நின்னாலும் தெரியும். தோசக்கல்ல எண்ண தடவுன மாதிரி மின்னும்" என்பான். பேச்சில் பாதி கை ஜாடைதான். சோறு போதும் என்றால் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுவான். லோடை நிறுத்தச் சொல்லும் ஜாடை அது. இன்னும் கொஞ்சம் குழம்பு என்றால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மெல்லச் சேரும். மெதுவாக இறக்கு என்று அர்த்தம்.

துபாய் எங்கும் கிரேன்களாக நின்ற வருஷங்கள் அவை. என் ஆட்கள் டி பிளாக்கில் தங்கியிருந்தார்கள், அதனால் டி பிளாக் டீமுக்கு நான்தான் முதலாளி, கிரேன்தான் கேப்டன். நான்கு பிளாக்குகள், ஒரே மணல் மைதானம். மைதானத்துக்கு ஒரு சட்டம் இருந்தது. கப் ஜெயிக்கிற பிளாக்குக்கு அடுத்த வருஷம் முழுவதும் சாயங்கால நேரம். கடைசியாக வருகிற பிளாக்குக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஜெபல் அலியில் மத்தியானம் மணலில் ஓடிப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். பந்தே நிழல் தேடி உருளும். வெயிலில் பழகுகிற டீம் எங்கே ஜெயிக்கப் போகிறது? ஜெயிக்காததால் மறுபடியும் வெயில். பல வருஷமாக நாங்கள் இந்தச் செக்கில் சுற்றிக்கொண்டிருந்தோம்.

கிரேன் ஒரு சபதம் போட்டான். "டி பிளாக்குக்குச் சாயங்காலம் கெடைக்காம நான் லீவுல ஊருக்குப் போமாட்டேன்." சும்மா சொல்கிறான் என்று நினைத்தோம். லீவு வந்தது, அவன் போகவில்லை. அடுத்த வருஷமும் போகவில்லை. அவன் பெண்டாட்டி என் செல்போனுக்குக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, ஒங்க ஊர்ல பந்து ஜெயிச்சாத்தான் பிளேன்ல ஏத்துவாவளா? எம்மவ அப்பா மொகத்த போட்டோல பாத்துட்டு, இது யாருன்னு கேக்கா!" நான் போனைக் கிரேனிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினான். போனில் அது தெரியாது என்பதுகூட அந்தக் கிறுக்கனுக்கு உறைக்கவில்லை.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஊரிலிருந்து புது ஆட்கள் வந்ததும் அவர்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். கடைசி இடத்து டீம் முதல் ஆளை எடுக்கும், கப் ஜெயித்த டீம் கடைசியில் எடுக்கும், அப்படியே சுற்றுச் சுற்றாகப் போகும். இதற்கு 'ஆள் எடுப்பு' என்று பெயர். எப்போதும் கடைசி இடம் என்பதால் எப்போதும் முதல் கை எங்களுடையது. எப்போதும் அதை நாசம் பண்ணியதும் நாங்கள்தான்.

காரணம் பி பிளாக். அதன் கேப்டன் ஒரு ஃபோர்மேன். கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டே தூங்குவார், அதனால் விசில் என்றுதான் கூப்பிடுவோம். அவர் எங்கிருந்தோ ஒரு நெட்டைப் பஞ்சாபியைப் பிடித்தார். அவன் பெயர் ஜிராஃப். ஓரத்திலிருந்து பந்து உயர வரும், ஜிராஃப் தலையை நீட்டுவான், கோல். இப்படியே வருஷா வருஷம் கப் பி பிளாக்குக்குப் போயிற்று. அதைப் பார்த்து எல்லாருக்கும் உயரப் பைத்தியம் பிடித்தது. ஏ பிளாக் ஆள் எடுப்புக்கு அளவு டேப்போடு வந்தது. சி பிளாக் கண்டெய்னர் கதவில் சாக்பீஸ் கோடு போட்டு ஆட்களைச் சாய்த்து நிறுத்தியது. உயரத்துக்குத் தக்க சம்பளமாம் என்று எவனோ புரளி கிளப்பிவிட, அன்றைக்குத்தான் பிளேன் இறங்கியவர்கள் குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

நாங்கள் மட்டும் லேசா? முதல் கையில் வரிசையிலேயே உயரமானவனைத் தூக்கினோம். மதுரைப் பக்கத்துக் கார்ப்பெண்டர். மினாரா என்று பெயர் வைத்தோம். முதல் மேட்சில் பந்து அழகாக உயரத்தில் வந்தது. மினாரா குனிந்தான். இரண்டாவது பந்துக்கும் குனிந்தான். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்ப்பா, பந்து வந்தா முட்டணும்ல? எதுக்குக் குனியுற?"

"நான் எங்க சார் குனியுறேன், தல தானா குனியுது. சின்ன வயசுலேருந்து எங்க வீட்டு நெலையில இடிச்சு இடிச்சு, மேல என்ன வந்தாலும் குனிஞ்சுடுது."

அந்த வருஷமும் கடைசி இடம். மத்தியான வெயில்.

அதற்குப் பிறகுதான் கிரேனுக்கு மூளை வேலை செய்தது. சாயங்காலம் ஓவர்டைமில் மேலே உட்கார்ந்திருக்கும்போது பி பிளாக் கீழே பழகுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு நாள் இறங்கி நேராக என் ரூமுக்கு வந்தான்.

"அண்ணாச்சி, நம்ம எல்லாருக்கும் ஜிராஃப்தான் கண்ணுல படுதான். மேலேந்து பாத்தா அவன் வெறும் கம்பம். ஓரத்துல ஒரு ஒல்லிப் பெயிண்டர் ஓடுதாம்லா, அவன்தான் லோடத் தூக்கிக் கரெக்டா கம்பத்துல வைக்கான். கம்பத்தப் பாத்து நாமளும் கம்பம் நட்டா எப்டி? லோடு மேல போகாம மறிச்சாப் போதும்."

"யாரை வச்சு மறிக்கிறது?"

"மெஸ்ஸுக்குப் புதுசா வந்திருக்கான்லா, சாம்பார் வாளி தூக்குத ஆளு. மெஸ் வாசல் கூட்டத்துல வாளியோட புகுந்து வாரான், ஒரு சொட்டு சிந்தல. ஒருத்தன் மேலயும் இடிக்கல. நான் மேலேந்து பாத்துட்டேதான் இருக்கேன். மொதக் கையில அவனத்தான் எடுக்கப் போறேன்."

அந்த வாளி என் தோளுக்குக்கூட வரமாட்டான். இங்கேதான் என் பங்கு தொடங்குகிறது. கவனமாகக் கேளுங்கள்.

"கிரேனு, மேல காத்து அதிகமாகி உன் புத்தி பறந்துருச்சு. பழைய பைப் ஏலத்துல நான் என்ன செய்வேன்? வேணுங்கிற கட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன். துருப்பிடிச்ச கட்டைத் தட்டித் தட்டிப் பாப்பேன். பின்னால வர்றவன் எல்லாம் அங்கிட்டு ஓடுவான். எல்லாப் பயலும் நெட்டையனைத் தேடுறான். வாளியை எவன் எடுக்கப் போறான்? அவனைக் கடைசியில எடு. மொதக் கையை வேற எதுக்காவது வை."

கிரேன் என் வழுக்கையையே உற்றுப் பார்த்தான். பிறகு கட்டைவிரலை உயர்த்தினான். "அப்போ மொதக் கையில ஒரு நெட்டையனையே எடுப்போம். ஆனா கோலுக்கு. ஜிராஃப் தலையால குடுக்கத இவன் கையால வாங்கட்டும். குனியாத நெட்டையனா இருக்கணும், அதான் விசயம்."

குனியாதவனைக் கண்டுபிடிக்க அவன் செய்த காரியத்தைச் சொன்னால் இன்றும் மெஸ்ஸில் சிரிப்பார்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புது ஆட்கள் வரிசையில் நிற்கும்போது, ஒவ்வொரு நெட்டையன் தலையையும் குறிபார்த்துக் குப்பூஸ் ரொட்டியை வீசினான். தட்டு மாதிரிச் சுழன்றுகொண்டு போகும். ஒருவன் குனிந்தான், கழிவு. ஒருவன் முகத்தில் வாங்கிக்கொண்டு "ஷுக்ரன்" என்று அரபியில் நன்றி சொன்னான், கழிவு. ஒருவன் இந்த ஊர் வழக்கம் போலும் என்று திருப்பி வீசினான்.

சமையல்காரர் கரண்டியோடு வந்தார். "ஏம்ப்பா, சோத்தத் தூக்கி எறியிறியே, வெளங்குவியா?"

"ஒண்ணும் வீணாவாது" என்று கிரேன் விழுந்ததையெல்லாம் பொறுக்கித் தட்டி அவனே தின்றான். மறுநாள் கிரேன் ஓட்ட ஆளில்லாமல் யார்டு நின்றது. வயிறு.

ஆனால் ஆள் கிடைத்துவிட்டான். ஒரு நெட்டைப் பிகாரி, வலக்கையால் பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்க்காமலே இடக்கையால் குப்பூஸைப் பிடித்து, அதையே தட்டில் வைத்துச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான். கிரேனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆள் எடுப்பு நாளில் நாங்கள் முதல் கையில் பிகாரியை எடுத்ததும் விசில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு மினாராவாய்யா? போன வருஷத்துதே இன்னும் குனிஞ்சிட்டு நிக்குது!"

"என்ன செய்ய, உங்க ஜிராஃப் மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வாய்க்காதாங்கிற ஆசைதான்" என்றேன். ஏலத்தில் பேசுகிற அதே பரிதாபக் குரல். நான் சொன்னபடியே நடந்தது. டேப்பும் சாக்பீஸும் நெட்டையர்களை அள்ளின. கடைசியில் மைதானத்தில் வாளி மட்டும் தனியாக நின்றான். நாங்கள் கைகாட்டியதும், "அது ஆளா, மிச்சமாய்யா?" என்றார் விசில்.

மிச்சம் ஓடத் தொடங்கியது. மேட்ச் மேட்சாக நாங்கள் மேலே வந்தோம். ஃபைனலில் எதிரே பி பிளாக்.

கிரேனுக்குத் தரையில் நின்றால் ஆட்டம் புரியாது என்பதால் மைதான ஓரத்தில் நானே அவனுக்கு உயரமாக ஒரு சாரம் கட்டிக்கொடுத்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். உச்சியில் நின்று கை ஜாடை காட்டினான். விசில் கத்திய கத்தலும் ஊதிய ஊதலும் கூட்டத்தின் சத்தத்தில் கரைந்தன. எங்கள் ஆட்கள் நாள் முழுவதும் கிரேன் ஜாடையில் வேலை செய்கிறவர்கள். ஒரு விரல் அசைந்தால் போதும், நகர்ந்தார்கள்.

ஒல்லிப் பெயிண்டர் எந்தப் பக்கம் போனாலும் வாளி முன்னால் நின்றான். இடிக்கவில்லை, தள்ளவில்லை, வழி மட்டும் இல்லை. தப்பி வந்த ஒன்றிரண்டு பந்தை ஜிராஃப் முட்டினான். குப்பூஸைப் பிடித்த அதே இடக்கை அவற்றைப் பறித்தது. ஆனால் எங்களுக்கும் கோல் விழவில்லை. வெயில் இறங்கி, ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. சாரத்தின் உச்சியிலிருந்து கிரேன் மினாராவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். முன்னே போ.

நான் கீழேயிருந்து கத்தினேன். "யோவ், அவன் குனிவான்யா!"

"அது நமக்குத் தெரியும் அண்ணாச்சி. அவனுவளுக்குத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? மினாரா குனிவான் என்று கேலி பண்ணியதே விசில்தான். ஆனால் ஜிராஃபை வைத்தே கப் தூக்கியவர்களுக்குக் கோலுக்கு முன்னால் ஒரு நெட்டையன் வந்து நின்றால் எல்லாம் மறந்துவிடுகிறது. பந்து உயர வந்தது. ஜிராஃபும் இன்னும் இரண்டு பேரும் மினாராவோடு முட்டுவதற்கு எகிறினார்கள். கீப்பரும் எகிறினான். மினாராவின் தலை தானாகக் குனிந்தது. ஆகாயத்தில் நால்வரும் ஒருவரோடு ஒருவர் மோத, பந்து மினாராவின் முதுகைத் தாண்டி மணலில் விழுந்தது. அங்கே வாளி நின்றான். சிந்தாமல் உள்ளே வைத்தான்.

கிரேன் சாரத்திலேயே உட்கார்ந்துவிட்டான். இறங்கச் சொல்லிக் கத்தினோம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மெல்லச் சேர்ந்தன. மெதுவாக இறக்கு. நானே மேலே ஏறி இறக்கினேன்.

விசில் வந்து கழுத்துக் கயிற்றைக் கழற்றி வாளியின் கழுத்தில் போட்டார். "அடுத்த வருஷம் கட்டையன்கள் எல்லாம் எனக்குத்தான்யா" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடியே செய்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் குட்டைகளைத் தேட, நாங்கள் போய் நெட்டைகளை எடுத்தோம்.

கிரேன் அந்த மாதமே லீவில் போனான். ஏர்போர்ட்டில் நகரும் படிக்கட்டில் மேலே போகும்போது கூட்டத்துக்குள் என் தலையைக் கண்டுபிடித்துக் கட்டைவிரலை உயர்த்தினான். போனவன் திரும்பவில்லை. மகள் அடையாளம் கண்டுகொண்டாளாம், அதற்கு மேல் என்ன கிரேன் என்று ஊரிலேயே நின்றுவிட்டான்.

இப்போது தூத்துக்குடியில் டீக்கடை டீக்கடையாக அந்தக் கப்பின் கதையைச் சொல்கிறானாம். வாளி வருகிறானாம், மினாரா வருகிறானாம், குப்பூஸ்கூட வருகிறதாம். என் பெயர் மட்டும் வருவதில்லையாம். கிரேனு, இதை யாராவது உனக்குப் படித்துக் காட்டுவார்கள். கடைசிக் கை என் யோசனை, சாரம் நான் கட்டியது. ஒன்றையும் விடாமல் ஊரறியச் சொல்லு. சொல்ல வெட்கமாக இருந்தால் நேரில் வந்து என்னிடமாவது சொல்லிவிட்டுப் போ. தலை முழுவதும் வழுக்கையாகிவிட்டது எனக்கு. இனியும் தள்ளிப்போட்டு, பிறகு வந்து ஆள் அடையாளம் தெரியவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.