காரணம்: இவர் சொன்னார்

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் சுகம். உங்கள் தங்கையின் சுகம் அவளுடைய கணினித் திரையின் கடைசி வரியைப் பொறுத்து வேளைக்கு வேளை மாறுவதால், இது உங்கள் கைக்கு வரும்போது அவள் எப்படி இருப்பாள் என்று என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. உங்கள் முழங்கால் வலியும், மாடியில் குடியிருப்பவர்களின் நாயும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

பத்திரிகையில் காலம் தள்ளியவன் ஆகையால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் வெள்ளிக்கிழமை மாலைக்குள் உங்கள் தங்கை தன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது, மூன்றாவது கிடையாது. தவறினால் பதிவு ரத்தாகும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே இத்தனை வருடம் அவள் எழுதியதெல்லாம் வெறும் காகிதமாகும். வெறும் காகிதம் என்றுகூடச் சொல்ல முடியாது, அவள் காகிதத்தில் எழுதவே இல்லை, அதுதான் என் புகார். ஊர் உலகத்தில் எல்லாரும் செய்வதுபோல் ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து வாங்காமல், தானே ஒரு கருவியைச் செய்து வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கு நிற்கிறாள். மூத்தவர் என்ற முறையில் நீங்கள் ஒரு நடை வந்து, அதை ஏறக்கட்டச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் எடுபடாது. ஏன் எடுபடாது என்பதற்கு எழுத்துப்பூர்வமான ஆதாரம் இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

அவள் ஆராய்வது என்ன என்று உங்களுக்குத் தெரியும். செவிலியர் கல்லூரியில் பாடம் சொல்லித் தருகிறவள், மருத்துவமனையில் மக்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்று ஆராய்கிறாள். 'உட்கார்ந்துகொண்டு' என்று ஒரே சொல்லில் நான் முடித்திருப்பேன். அவளுக்கு முந்நூறு பக்கம் ஆகியிருக்கிறது. முதல் இயலை எல்லாரும் பயன்படுத்தும் மென்பொருளில்தான் எழுதினாள். ஒரு படத்தை விரற்கடை அளவு நகர்த்தினாள். அட்டவணை அடுத்த பக்கத்துக்கு ஓடியது. அட்டவணையை இழுத்துப் பிடித்தாள். அடிக்குறிப்புகள் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கின. அன்றைக்கு அதை விட்டு எழுந்தவள்தான். கல்லூரிக் கணினி அறையில் 'முடிச்சு' என்று ஒரு பெண் இருக்கிறாள், எந்தச் சிக்கலைக் கொண்டுபோனாலும் முகம் மலர்கிறவள் என்பதால் அந்தப் பெயர். அவளிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவள் எழுதுவது வெறும் எழுத்து. தடித்த எழுத்து கிடையாது, நிறம் கிடையாது, பக்கம் என்பதே கிடையாது. கறுப்புத் திரையில் வரிக்கு ஒரு வாக்கியம், கொடியில் துணி காயப்போட்ட மாதிரி. தலைப்புக்கு ஒரு குறி, அடிக்குறிப்புக்கு ஒரு குறி. எல்லாம் எழுதிவிட்டு 'கட்டு' என்று தட்டினால், அந்தக் கோப்புறையில் கிடக்கும் கோப்புகளையெல்லாம் கருவி வரிசையாகத் தைத்து, பொருளடக்கம், பக்க எண் சகிதம் அச்சுக்குப் போகும் கோலத்தில் நீட்டுகிறது.

கருவிக்கு அவள் சட்டங்களும் போட்டிருக்கிறாள். ஒரு வாக்கியம் இருபது சொல்லைத் தாண்டினால் அதைச் சிவப்பில் காட்டும். முதல் பக்கத்தில் வந்த என் பழைய செய்தி ஒன்றை, பெருமைக்காகத்தான், அதில் போட்டுப் பார்த்தேன். திரை முழுக்கச் சிவந்துவிட்டது.

"உங்க எடிட்டர் பாவம், நல்ல மனுஷன். சொல்லாமலே ரிட்டயர் ஆயிட்டார்" என்றாள்.

அதைவிடக் கொடுமை, கருவிக்கு ஞாபகம் அதிகம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதினால்தான் ஏற்றுக்கொள்ளும். ஒருநாள் அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது அந்த வரலாற்றைப் படித்துப் பார்த்தேன். 'மூன்றாம் இயல், முதல் பத்தி நீக்கம். காரணம்: இவர் சொன்னார்.' மறுநாள் தேதியில்: 'அதே பத்தி மீட்பு. காரணம்: யோசித்துப் பார்த்தேன்.' கொஞ்சம் கீழே: 'மேற்கோள் ஒன்று சேர்ப்பு. காரணம்: இவர் சொன்னார்.' மறுநாள்: 'மேற்கோள் நீக்கம். காரணம்: அப்படி யாரும் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை.' உருட்ட உருட்ட இதே கதை. பேசிய பேச்சுக்குச் சாட்சி கிடையாது என்ற தைரியத்தில்தான் மச்சான் எல்லார் வீட்டிலும் குடும்பம் நடக்கிறது. என் வீட்டில் அந்த வசதி போய்விட்டது. எடுபடாது என்று சொன்னேனே, ஆதாரம் இதுதான்.

மெய்ப்புப் பார்த்துத் தரும்படி அவளேதான் கேட்டாள். பார்த்தேன். இரண்டாம் இயலில் ஓர் அடைப்புக்குறி வரியின் முடிவில் துணையில்லாமல், கேட்பாரற்று நின்றது. 'கைதவறி விழுந்தது' என்று காரணம் எழுதி எடுத்துவிட்டேன். மறுநாள் கருவி பாதியில் நின்றுகொண்டு, எங்கோ திறந்த ஒன்று மூடப்படவில்லை என்றது. எங்கே என்று மட்டும் சொல்லவில்லை. அவள் வரலாற்றைத் திறந்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குச் செய்தி கொடுத்தது யார் என்று பெரிய அதிகாரிகளெல்லாம் துருவியிருக்கிறார்கள், ஒருவருக்கும் தெரிந்ததில்லை. என்னை இந்தக் கருவி ஒரு நொடியில் காட்டிக்கொடுத்தது.

"ஒரு மூடியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. டப்பா பூரா கொட்டிப்போச்சு" என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போவதற்காக நான் கணினியில் குறித்துவைத்தது அந்தக் கோப்புறையிலேயே கிடந்திருக்கிறது. கருவி அதையும் தைத்துவிட்டது. அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நாலாவது இயல் முடிவுல 'குழாய்க்கு வாஷர், பல்பு ரெண்டு, தைக்கக் குடுத்த செருப்பு'ன்னு இருக்கேம்மா. இது எந்த நோயாளி சொன்னது?"

"அது எங்க வீட்டு நோயாளி சார்" என்று சொல்லிவிட்டு, அவள் என்னைப் பார்த்தாள்.

நியாயம் என்று ஒன்று இருப்பதால் கருவிக்குச் சாதகமான ஒரு சங்கதியையும் எழுதுகிறேன். பல்கலைக்கழக அலுவலகத்தில் ஓர அளவு சரிபார்க்கும் எழுத்தரின் மர அளவுகோலுக்கு முனை முறிந்திருக்கிறது. அவர் அந்த முறிந்த முனையிலிருந்துதான் காலம்காலமாக அளக்கிறார்.

"இடது ஓரம் நாலு சென்டிமீட்டர் இருக்கணும்மா. உங்களுது நாலரை."

"சார், உங்க ஸ்கேலே அரை சென்டிமீட்டர்லதான் ஆரம்பிக்குது."

"இத்தனை பேர் குடுத்தாங்க. யாருக்கும் வராத நாலரை உங்களுக்கு மட்டும் எப்படிம்மா வருது?"

வீட்டுக்கு வந்து ஓர் எண்ணை மாற்றினாள். நான் தேநீர் ஆற்றி முடிப்பதற்குள் முந்நூறு பக்கமும் அரை சென்டிமீட்டர் நகர்ந்து, ஒரு படம்கூடச் சிதறாமல் உட்கார்ந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'உடைந்த அளவுகோலுக்காக' என்று எழுதிவைத்திருக்கிறாள். இதில் மட்டும் எனக்குப் புகார் இல்லை.

இப்போது மிச்சமிருக்கும் தடை ஒன்றுதான். பேராசிரியர் கையெழுத்துப் போட மறுக்கிறார். நான் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொன்னார்: "நோயாளி பேசறார், டாக்டர் பேசறார், நர்ஸ் பேசறாங்க. கூட வந்தவங்க ஒருத்தர்கூட வாயைத் திறக்கலையேம்மா. ஒரே ஒருத்தர் தானா எழுதினது இருந்தாலும் போதும். அது இல்லாம எப்படி முழுசுன்னு சொல்றது?" அவளும் கேட்காத ஆள் இல்லை. கூட வந்தவர்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். எழுதச் சொன்னால், "நாங்க சும்மாதானேம்மா உக்காந்திருந்தோம், இதுல எழுத என்ன இருக்கு" என்று எழுந்துவிடுகிறார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"நீங்க எழுதுங்களேன். என் ஆபரேஷன் அன்னைக்கு வெளியில நீங்கதானே இருந்தீங்க."

"நான் செய்தி எழுதறவன். செய்தியில வர்றவன் இல்லை" என்றேன்.

திரும்பிப் போய்விட்டாள். வரலாற்றில் அன்றைக்கு என்ன எழுதினாள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன மச்சான். அன்றைக்கு நீங்கள் வெளியூரில் இருந்தீர்கள். பித்தப்பையை எடுப்பது இப்போதெல்லாம் சின்ன விஷயம் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நாலு பேரிடம் அப்படித்தான் சொன்னேன். அறுவை அறைக்கு வெளியே ஒரு நீளமான நடை. சுவரோடு சேர்த்துத் திருகிய நாற்காலிகள், அதில் ஒன்றுக்கு முதுகு கிடையாது, ஆள் உட்காராமல் இருந்ததும் அது ஒன்றுதான். அங்கே யாரும் யாருடைய பெயரையும் கேட்பதில்லை. "யாரோட வந்தீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். "வீட்டுல" என்றேன். கேட்டவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியை எனக்குக் கொடுத்தார். உள்ளே போகும்போது அவள் செருப்பைக் கழற்றச் சொல்லி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்திருந்தார்கள். அதைத் தரையில் வைக்கலாம். எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். எனக்கு வைக்கத் தோன்றவில்லை. பழக்கதோஷத்தில் குறிப்பெடுக்கலாம் என்று நினைத்தேன், கதவு பச்சை, கீல் எண்ணெய் காணாதது என்பதற்கு மேல் ஓடவில்லை, ஒவ்வொரு முறை அந்தக் கீல் கத்தும்போதும் நடையில் இருந்த அத்தனை பேரும் ஒரே ஆளைப்போல் தலையைத் தூக்கினோம், வேறு யாரையோ கூப்பிட்டதும் ஒரே ஆளைப்போல் தொங்கப்போட்டோம். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லிவிட்டு, "ஏதாவது கேக்கணுமா?" என்றார். கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். ஊரே அடங்கியிருந்த கூட்டத்தில் தனியாக எழுந்து நின்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு என் வாயில் வந்தது ஒரே கேள்விதான்: "அவ செருப்பை எங்க சார் வைக்கிறது?"

இதை அவளிடம் நான் சொன்னதில்லை. இதையெல்லாம் ஆய்வேட்டில் போடவா முடியும்.

ஆகவே மச்சான், இதைக் கண்டதும் கிளம்பி வாருங்கள். போனில் சொல்லியிருப்பேன், இந்த வீட்டுச் சுவர் மெல்லியது, அடுத்த அறையில் அவள் காதில் விழுந்துவிடும். கையால் எழுதியிருப்பேன், என் போன கடிதத்தை நீங்கள் மருந்துக் கடைக்காரரிடம் காட்டிப் படித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பழைய மென்பொருளை அவள் எடுத்துவிட்டதால் இதுவும் வெறும் எழுத்தாகவே அவள் கணினியில் கிடக்கிறது. அவளுக்குத் தெரியாமல் அச்செடுக்க ஒரு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பும், பெரியவர் என்ற முறையில் உங்களுக்கு என் பணிவும் உரித்தாகுக. உங்கள் வீட்டில் எல்லாரும் நீண்ட ஆயுளுடனும் குறைந்த ஞாபகசக்தியுடனும் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே கேட்டுக்கொண்டது எதையும் செய்ய வேண்டாம். இதை வெள்ளிக்கிழமை காலையில் எழுதுகிறேன். அச்செடுக்க வழி பிடிபடுவதற்குள் அவள் 'கட்டு' என்று தட்டி, வந்ததைப் பேராசிரியருக்கு அனுப்பிவிட்டாள். அவர் கூப்பிட்டார்.

"கூட வந்தவர் எழுதினது கிடைச்சிடுச்சு போலிருக்கேம்மா. கடைசியில வச்சிருக்கீங்க. முன்னாடியே குடுத்திருக்கலாமே."

"எது சார்?"

"செருப்பு."

அவள் போனை வைத்துவிட்டு, கருவி கடைசி இயலோடு சேர்த்துத் தைத்திருந்த இந்தக் கடிதம் முழுவதையும் திரையில் படித்தாள். நான் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன், ஏற்கெனவே துலக்கிய பாத்திரங்களை. வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"ஆபரேஷன் நல்லபடி முடிஞ்சுதுன்னார்."

"அது எனக்குத் தெரியும். செருப்புக்கு என்ன சொன்னார்?"

"'உங்க கையிலேயே இருக்கட்டும்'னார்."

நான் மறுபடி துலக்க எடுத்த பாத்திரத்தை வாங்கி வைத்தாள். பிறகு, "போடலாமாங்க?" என்று கேட்டாள். போடு என்றேன். அவளைப் பற்றிய புகார்களையெல்லாம் வெட்டிவிட்டு நடையில் காத்திருந்த பத்தியை மட்டும் பின்னிணைப்பாக வைத்திருக்கிறாள். அதில் கீல் கத்தும் வாக்கியத்தைக் கருவி சிவப்பில் காட்டியது. அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் அவள் இருபது சொல் சட்டத்தை எடுத்துவிட்டாள். பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னும் சற்று நேரத்தில் கொடுக்கப் போகிறோம். பல்கலைக்கழகம் அதை இணையத்தில் எல்லாரும் படிக்க வைக்குமாம். இந்தக் கடிதத்தையும் அவளேதான் அச்செடுத்துக் கொடுத்தாள். நீங்கள் அடுத்த வாரம் சாவகாசமாக வாருங்கள், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வரலாற்றில் புதன்கிழமை தேதியில் ஒரு வரி இருக்கிறது: 'பின்னிணைப்பு ஒன்று சேர்ப்பு. காரணம்: இவர் சொன்னார்.' நேற்று முழுக்க அவ்வப்போது போய்ப் பார்த்தேன், இன்று காலையும் பார்த்தேன். அதற்குக் கீழே இன்னும் எதுவும் வரவில்லை.