தோட்டாவின் மேல் பழி

இனி அந்தச் சின்னத் தோட்டாவைக் கையால் தொடுவதில்லை என்று விதால் சபதம் எடுத்தான்.

போன அக்டோபரில் மாமனாரின் பழைய துப்பாக்கியில் அதைப் போட்டு அவன் சுட்ட எல்க் மான், வயிற்றில் குண்டோடு இரண்டு நாள் பனியில் ரத்தம் சிந்திக்கொண்டே நடந்தது. அவன் கண்டுபிடித்தபோது காக்கையும் நரியும் பந்தியை முடித்திருந்தன. அதன்பின் வருடம் முழுக்க வீட்டில் பீன்ஸும் பச்சைமிளகாயும்தான். மனைவி எர்லிண்டா சாப்பாட்டுத் தட்டை நங்கென்று வைத்தாள்.

இந்த வருடம் அரசுக் குலுக்கலில் இருவர் பெயருக்குமே வேட்டை அனுமதிச் சீட்டு விழுந்தது. சுடுவது தான், முகாமில் சமைப்பது அவள் என்று விதால் முடிவுகட்டினான். பக்கத்துப் பண்ணை ஆர்செனியோவிடம் பெரிய மேக்னம் துப்பாக்கியை இரவல் வாங்கி வந்தான். தோட்டா ஒவ்வொன்றும் விரல் நீளத்துக்கு இருந்தது.

"இதுதான் எல்க்குக்கு ஏத்தது. உரசினாலே விழும்."

"பழைய தோட்டா என்னங்க பாவம் பண்ணுச்சு?"

"பொடிசு."

"எங்கப்பா அதுலயே முப்பது மானு அடிச்சாரு."

"உங்கப்பா காலத்து மானுக்கு உசுரு கம்மி."

"தோட்டாவுக்குக் கண்ணு கிடையாது. நீங்க காட்டின எடத்துக்குத்தான் போச்சு."

விதாலுக்குச் சுருக்கென்றது. அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"நூறு கஜத்துல காகிதத் தட்டு வைக்கிறேன். மூணு தடவ சுடுங்க. ஒண்ணு பட்டாலும் வேட்டை உங்களுது. படலைன்னா, அப்பா துப்பாக்கியோட நான் போறேன். நீங்க அடுப்பப் பாருங்க. இன்னொரு மானு அந்த மாதிரி சாகக் கூடாது."

விதால் காதுக்கவசத்தை இறுக மாட்டிக்கொண்டு குறி பார்க்கப் படுத்தான். தோட்டா போட்டுக் கொடுத்தது அவள்.

முதல் குண்டில் தோள்பட்டை கழன்றதுபோல் இருந்தது. தட்டு சிரித்தபடி நின்றது.

"காத்து," என்றான்.

இரண்டாவது, வேலிக் கம்பத்தைப் பிளந்தது.

"தட்டு ஆடுது."

மூன்றாவதற்குப் பல்லைக் கடித்தான். கண்ணை இறுக்கினான். விசையை இழுத்தான். உடம்பு துள்ளிப் பின்னால் போனது, தொப்பி மண்ணில் விழுந்தது. கவசத்தைக் கழற்றிவிட்டுத் தோளைத் தேய்த்தான்.

"அப்பாடி, மூணுலயும் இதுதான் பெரிய உதை. இந்த உதைக்கு எந்த மானும் நிக்காது. பட்டுதா பாரு."

எர்லிண்டா உள்ளங்கையை விரித்தாள். துப்பாக்கிக்குள் போகாத மூன்றாவது தோட்டா முழுசாக அதில் கிடந்தது.

"எனக்கு உதைக்கவே இல்லீங்களே. இப்ப போட்டுத் தரவா?"

விதால் தொப்பியைத் தட்டி மாட்டிக்கொண்டான். முகாம் அடுப்புக்குப் பைன் விறகு ஏத்ததா, ஓக் விறகு ஏத்ததா என்று அவளிடமே கேட்டான்.