சைபரில் ஆரம்பிக்காத கல்யாண விளக்கு

பிள்ளைகளே, உங்கள் அம்மா அரிசி அளக்கும்போது "சைபர், ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்ப்பாளே, அது ஏன் என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுவேன். இனி முடியாது. போன வாரம் புது மருமகப்பிள்ளை முன்னாலேயே எண்ணிவிட்டாள்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஐ.டி.ஐ. முடித்து, மெட்ராஸில் ஒரு டி.வி. ரிப்பேர் கடையில் இருந்தேன். சாயந்திர வகுப்பில் மைக்ரோகன்ட்ரோலர் கற்றுக்கொண்டேன். அதாவது, அந்தப் பெயரைத் திக்காமல் சொல்லக் கற்றுக்கொண்டேன். (எங்கள் ஊர் ஆரணியில் அன்றைக்கு அதுவே பெரிய படிப்பு.)

அந்தத் தெம்பில், நெல் மண்டி வைத்திருந்த உங்கள் தாத்தாவிடம் அவருடைய சின்னப் பெண்ணைக் கேட்டேன். கேட்டது என் அம்மா. நான் பின்னால் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தேன். தாத்தா தூரத்து உறவு, எனக்கு மாமா முறை.

"பெரியவ கல்யாணம் வருது. வாசல்ல லைட்டு ஆர்ச்சு நீ போடு. வந்தவாசி சம்பந்தி வாயப் பொளக்கணும். அப்பறம் சின்னவளப் பத்திப் பேசலாம்" என்றார் மாமா.

ஆக, என் கல்யாணம் அந்த விளக்குகளில் தொங்கியது.

வளைவின் உச்சியில் பிள்ளையார் படம். அதைச் சுற்றி முதல் சரம், அங்கிருந்து கீழே மற்றவை. மொத்தம் எட்டு. ஒன்றன்பின் ஒன்றாக எரிய வேண்டும். அதைச் செய்யும் மைக்ரோகன்ட்ரோலர் சிப்புக்குப் பூரான் மாதிரி நிறையக் கால்கள். ஒயர் எட்டிய காலில் எல்லாம் சரத்தைக் கட்டிவிட்டேன். பிறகு புரோகிராமில் அந்த எட்டுக் கால்களையும் பொறுக்கி, பந்தியில் உட்காரவைப்பது போல ஒரே வரிசையாக்கி நம்பர் கொடுத்தேன். இனி காலின் பெயர் வேண்டாம், நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். ஒரே சங்கதி, அந்தப் பந்தியில் முதல் இலைக்கு நம்பர் சைபர், கடைசி இலைக்கு ஏழு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வளைவின் நடுவில், பன்னீரில் நனைத்த ரோஜா இதழ்களை ஒரு கூடையில் தொங்கவிட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நுழையும்போது ஒரு பொத்தானை அமுக்கினால் கூடையின் அடிக்கதவு திறக்கும். அந்தக் கதவின் காலை எங்கே எழுதிவைத்தேன் தெரியுமா? விளக்கு வரிசை முடிந்ததும் அடுத்த இலையில்.

வரவேற்பன்று சாயந்திரம் சிப்பு பொருத்திய போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து "சைபர், ஒண்ணு..." என்று சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாபா சொல்லிகினு கீற?" மாமா.

"மொத லைட்டு மாமா. அது சைபரு."

"எது, புள்ளையாரா?"

அவர் முகம் கறுத்தது. மண்டியில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்றுகூடச் சொல்லமாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று.

"ஒண்ணையே லாபம்னு சொல்றவன் நானு. நீ கல்யாண வூட்ல புள்ளையாருக்கு சைபர் போடறியா? லாபத்துலருந்து ஆரம்பி, ஜல்தி!"

"அது மெஷினு கணக்கு மாமா..."

"மெஷினா உனக்குப் பொண்ணு குடுக்குது?"

நியாயமான கேள்வி. வாசற்படியில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சின்னவள் தலை நிமிரவில்லை. போர்டின் விசைகளைத் தட்டி, ஆரம்ப நம்பரைச் சைபரிலிருந்து ஒன்றாக்கினேன். 'எட்டு முறை கூப்பிடு' என்ற கட்டளையை அப்படியே விட்டுவிட்டேன். (படிப்பு அவ்வளவுதான்.)

சம்பந்தி வேனிலிருந்து இறங்கினார். புது ஆரணிப் பட்டு வேட்டியும் சந்தனக் கிண்ணமுமாக வளைவின் கீழ் நின்ற மாமா, "போடு!" என்றார். போட்டேன்.

பிள்ளையார் இருட்டில் இருந்தார். சைபரில் உட்கார்ந்தவரை யாரும் கூப்பிடவே இல்லை. மற்றச் சரங்கள் வரிசையாக எரிந்து, ஏழாம் நம்பரோடு தீர்ந்தன. மெஷினுக்கோ இன்னும் ஒரு முறை பாக்கி. பந்தி முடிந்தது அதற்கு எங்கே தெரியும்? அடுத்த இலையைக் கூப்பிட்டது.

நனைந்த ரோஜா மொத்தமும் மாமா தலையில் சொத்தென்று விழுந்தது. கிண்ணத்துச் சந்தனம் பட்டு வேட்டியில் இறங்கியது. அதோடு விட்டதா? ஒவ்வொரு சுற்றுக்கும் காலிக் கூடை அவர் தலைக்கு மேலே 'டப், டப்' என்று வாயைத் திறந்து திறந்து மூடியது.

"எங்க ஊர்ல மாப்பிள்ளைக்குத்தாங்க பூ போடுவாங்க" என்றார் சம்பந்தி, ரொம்ப மரியாதையாக.

மாமா இமையில் ஒட்டியிருந்த இதழைப் பிய்த்தெறிந்தார். "பேஜார் பண்ணிட்டியேபா! பொண்ணும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. மூட்டையக் கட்டு."

அப்போது ஆரத்தித் தட்டோடு நின்ற உங்கள் அம்மா வாயைத் திறந்தாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதே இல்லை.

"அவரு சைபர்லதான்பா வெச்சாரு. லாபம் வேணும்னு மாத்தச் சொன்னது நீங்கதான? வந்துச்சில்ல, தலையிலயே!"

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண் கொடுக்கும் இடம் சிரித்தால் மாமாவும் சிரித்துத்தானே ஆகவேண்டும்? அந்தச் சிரிப்பின் சூட்டிலேயே என் அம்மா மறுபடி பேச்சை எடுத்துவிட்டார். தை மாதம் எங்களுக்குக் கல்யாணம். வாசலில் வெறும் குண்டு பல்பு. மாமா கடைசிவரை என்னைச் சைபர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார். அவர் மகள் அரிசி அளக்கும்போது கூப்பிடுகிறாள்.

ஒன்று மட்டும் அவளுக்கும் தெரியாது. வரவேற்புக்கு மறுநாள் காலை, பந்தல் பிரிக்கும் ஆட்கள் வருவதற்கு முன்னால், நான் தனியாக அந்த வளைவுக்குப் போனேன். நம்பரைத் திரும்பச் சைபராக்கினேன். சுவிட்சைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கூடைக்கு நேர் கீழே நின்றேன். முதலில் பிள்ளையார் எரிந்தார். வரிசை ஏழுவரை போய், சமர்த்தாக அவரிடமே திரும்பியது. கூடை வாயைத் திறக்கவில்லை. வெயிலில் விளக்கு எரிவதே சரியாகத் தெரியவில்லை.

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒயரைப் பிடுங்கினேன்.