ஊட்டச்சத்து விழிப்புணர்வு ஆண்டும் ஒரு ரைஸ் குக்கரும்

அமீரகத்தில், பாலைவனத்தைப் பார்த்தபடி கட்டப்பட்டிருந்த ஒரு பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதியில், அறைக்குள் சூடு உண்டாக்கும் எந்தச் சாதனத்தையும் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. இஸ்திரிப் பெட்டிக்கு மட்டும் விலக்கு. மாணவன் பசித்திருக்கலாம், ஆனால் சட்டை கசங்கியிருக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் முதிர்ந்த கருத்து.

குளச்சலைச் சேர்ந்த யேசுராஜ் 2006இல் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆராய்ச்சியில் இருந்தான். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஆய்வுக்கூடம். ஆய்வேட்டை ஒப்படைக்க இன்னும் எட்டு மாதம். கேன்டீனில் பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும் மட்டுமே கிடைக்கும், அதுவும் மாலை ஆறு மணி வரைதான். வெளியே சாப்பிட்டால் உதவித்தொகை பாதி மாதத்தைக் கூடத் தாண்டாது. ஆகவே துணி அலமாரியில், பேன்ட்டுகளுக்குப் பின்னால், ஒரு சின்ன ரைஸ் குக்கர் வைத்திருந்தான். அடியில் அரிசியும் சிறுபயறும், மேலே ஆவித்தட்டில் கீரையும் கேரட்டும், ஓரத்தில் ஒரு முட்டை. பொத்தானை அழுத்திவிட்டு ஒரு கட்டுரையைப் படித்து முடித்தால் எல்லாம் ஒன்றாக வெந்திருக்கும். சந்தை மூடுகிற நேரம் பார்த்துப் போனால் ஒரு வாரக் காய்கறி மலிவாக வந்துவிடும். உடம்புக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. ஒரே குறை, மணக்கும்.

மூன்று முறை மணந்தது. மூன்று முறையும் விடுதி அலுவலக எழுத்தர் மீராசா நோட்டீஸ் கொடுத்தார். அவர் கீழக்கரைக்காரர், நல்ல மனிதர். வெறுமனே 'சமைத்தான்' என்று எழுதினால் மொட்டையாக இருக்கிறது என்று, பயறா பருப்பா, கடுகு தாளித்ததா இல்லையா என்பதை எல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டார். நான்காவது நோட்டீஸ் வந்தால் அறையைக் காலி செய்ய வேண்டும். வெளியே ஒரு பெட் ஸ்பேஸ், அதாவது பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில், எடுத்தால் உதவித்தொகை வாடகைக்கே போய்விடும், படிப்பும் கூடவே போய்விடும். இதை யேசுராஜ் நன்றாக அறிந்திருந்தான்.

இந்த நிலையில் பல்கலைக்கழக மருத்துவ மையம் மாணவர்களை எடை போட்டுப் பார்த்தது. முடிவு கவலைக்கிடமாக இருந்தது. அந்த நாட்களில் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், ப்ரோக்கோலி என்று பேசாதவர்களைப் பெரிய மனிதர்களாக யாரும் மதிப்பதில்லை. எனவே நிர்வாகம் 'ஊட்டச்சத்து விழிப்புணர்வு ஆண்டு' ஒன்றைப் பிரகடனம் செய்து ஏழு பேர் கொண்ட குழுவையும் நியமித்தது. நேரமில்லாத ஆராய்ச்சி மாணவன் தானே மலிவாகவும் சத்தாகவும் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது குறிக்கோள். கேன்டீனை மாற்றுவது பற்றிப் பேச்சே எழவில்லை. அது ஒப்பந்த விஷயம்.

குழுவின் செயலாளரான மாணவர் நல அலுவலர் உமாராணி, யேசுராஜை அழைத்தார். நான்காவது நோட்டீஸ்தான் என்று முடிவு செய்து, அவன் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுப் போனான்.

"மூணு தடவை சமைச்சிருக்கீங்கன்னு ஃபைல்ல இருக்கு" என்றார் உமாராணி.

"இனி வைக்க மாட்டேன் மேடம். குக்கரை யாருக்காவது குடுத்திருதேன்."

"அவசரப்படாதீங்க. இந்த ஆண்டுக்கு நாங்க நியமிக்கற மாணவர் ஒருங்கிணைப்பாளருக்கு மூணு தடவையாவது சமைச்ச அனுபவம் இருக்கணும், ஆதாரத்தோட. இந்த கேம்பஸ்லயே உங்க ஒருத்தருக்குத்தான் தேதி, நேரம், என்ன சமைச்சீங்க, எல்லாம் சீல் போட்டு இருக்கு."

அப்படியானால் இனி அறையில் சமைக்கலாமா என்று அவன் கேட்டான். கூடாது என்றார். சமைப்பதைக் கற்றுக்கொடுக்கலாம், சமைக்கத்தான் கூடாது. விதியைத் திருத்துகிற குழு வேறு. அது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கூடும், சென்ற மாதம்தான் கூடிக் கலைந்திருந்தது. ஒழுங்காக ஒத்துழைத்தால் பழைய மூன்று நோட்டீஸ்களையும் ஆண்டு முடிவில் பரிசீலிக்கலாம் என்றும் சொன்னார். யேசுராஜ் ஒத்துழைத்தான்.

முதல் செயல்முறை விளக்கம் பெரிய அரங்கில் நடந்தது. மேசைமேல் குக்கர், அதன் வயரைத் தீயணைப்புப் பாதுகாப்பு அதிகாரி கழற்றித் தன் கையில் வைத்திருந்தார். எழுபது மாணவர்கள் வேகாத அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இப்போது முப்பது நிமிடம் ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றான் யேசுராஜ். எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். ருசி பற்றிய கருத்துப் படிவத்தில் பெரும்பாலோர் 'மிக நன்று' என்று குறித்திருந்தார்கள்.

அடுத்து, கையேடு. யேசுராஜ் எழுதிக் கொடுத்த ஒரு பக்கச் செய்முறையைக் குழு ஆறு மாதம் ஆராய்ந்தது. சிறுபயறு ஏழைத்தனமாக இருக்கிறது என்று ஒருவர் நீக்கினார். கீரை இருந்த இடத்துக்கு இத்தாலியிலிருந்து ஒரு காய் வந்தது. கடைசியில் அதைச் சமைக்க ஓவன் தேவைப்பட்டது, நேரம் இரண்டே கால் மணி. 'மலிவாக' என்ற சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை.

வாரம் மூன்று கூட்டங்கள். எல்லாவற்றிலும் ஒருங்கிணைப்பாளர் உட்கார வேண்டும். கேன்டீன் ஒப்பந்தப்படி கூட்டங்களுக்குப் பர்கரும் பொரித்த உருளைக்கிழங்கும் வரும். ஆய்வுக்கூடத்துக்குப் போகவே நேரமில்லாதவனுக்குச் சமைக்க ஏது நேரம்? ஆய்வேட்டை ஒப்படைக்கும் கெடு தள்ளிப்போனது, யேசுராஜ் ஒன்பது கிலோ கூடினான். விழிப்புணர்வு அவசரமாகத் தேவைப்படுவோர் பட்டியலில் மருத்துவ மையம் அவன் பெயரைச் சேர்த்தது.

ஆண்டு முடிவில், சிறந்த ஆரோக்கிய வளாகத்துக்கான விருது ஒன்றுக்காக ஒரு நடுவர் வந்தார். கையேட்டைப் புரட்டிவிட்டு, இதையெல்லாம் ஒரு மாணவர் தன் அறையில் உண்மையிலேயே சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்றார். இப்படி ஒரு கோரிக்கையைக் குழு எதிர்பார்த்திருக்கவில்லை. உமாராணி யேசுராஜைத் தனியே அழைத்து, பழைய முறையிலேயே ஒரே ஒரு தடவை சமைத்துக் காட்டும்படி வாய்மொழியாக உத்தரவிட்டார்.

"எழுத்துல வாங்கிக்க தம்பி" என்று வெளியே நின்ற மீராசா காதோரம் சொன்னார்.

அவன் திரும்பப் போய்க் கேட்டபோது, எழுத்தில் கொடுத்தால் குழுவே விதியை மீறியதாக ஆகிவிடும் என்று உமாராணி விளக்கினார்.

யேசுராஜ் சமைத்தான். நடுவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். ஓராண்டாகப் பர்கரில் வாழ்ந்த குழுவினர் ஏழு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். உமாராணி குக்கரின் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டித் தரச் சொன்னார். சமைத்தவனுக்கு மிச்சமில்லை. விருது உறுதியாயிற்று. மீராசாவும் சாப்பிட்டுவிட்டு, கை கழுவி ஈரம் துடைத்து, நான்காவது நோட்டீஸை எழுதினார்.

"நல்லா இருந்துச்சு தம்பி" என்றார். "அதையும் குறிப்புல சேர்த்துட்டேன்."

குழு அவசரமாகக் கூடியது. விருது வாங்கித் தந்தவனைத் தெருவில் விட முடியாது. விதியையும் விட முடியாது. இரண்டு நாள் விவாதத்துக்குப் பிறகு வழி பிறந்தது. தடை மாணவர்களுக்குத்தானே? ஊழியர் குடியிருப்பில் தாராளமாகச் சமைக்கலாம். கேன்டீனில் ஒரு சமையல்காரர் இடம் காலியாக இருந்தது. யேசுராஜின் மாணவர் விசா ரத்தாகி, பாஸ்போர்ட்டில் 'சமையல்காரர்' என்று புது விசா ஏறியது. படிப்பு தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. எதுவரை என்று கடிதத்தில் இல்லை.

இப்போது அவனுக்கு அடுப்பு உண்டு, புகைபோக்கி உண்டு, கேஸ் உண்டு. ஒப்பந்தப்படி பர்கரும் உருளைக்கிழங்கும் போட்டான். விடுதியில் விதிமீறிச் சமைக்கும் மாணவர் எண்ணிக்கை பூஜ்ஜியமாகக் குறைந்துவிட்டதாக ஆண்டறிக்கை பெருமிதத்துடன் தெரிவித்தது.

கையேட்டை மறுபடி அச்சடிப்பதற்கு ஆய்வுக்கூடத்தின் நிதி மாற்றப்பட்ட மாதத்தில், அவனுடைய வழிகாட்டிப் பேராசிரியர் சோலையப்பன் மதிய நேரத்தில் கேன்டீன் கவுன்டருக்கு வந்தார். யேசுராஜ் அவசரமாக அடுப்பை அணைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு, ஆய்வின் அளவீடுகளையெல்லாம் பத்திரமாக வைத்திருப்பதாகவும், விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடலாம் என்றும் சொல்லத் தொடங்கினான்.

"அதை விடுப்பா" என்றார் பேராசிரியர், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. "எனக்குக் கான்ட்ராக்ட் ஜூன்ல முடியுது. ரெண்டாவது சமையல்காரர் எடுக்கறாங்களாமே, விண்ணப்பம் போட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஏன் சார்?"

"இருபது வருஷமா நானேதான் சமைச்சுச் சாப்பிடறேன். ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ்ல அது குத்தம் இல்லையே, யாரு நோட்டீஸ் குடுப்பா? ஒரு ஆதாரமும் இல்லை."

வெளியான நாற்பத்தாறு ஆய்வுக் கட்டுரைகளையும் விண்ணப்பத்தோடு இணைத்திருந்தாராம். அவற்றில் ஒன்றுகூடச் சமையலைப் பற்றியது இல்லை.