தனிவேட்டைக்கு மூன்று கமரா

காட்டுப்பண்டி வந்து நின்றபோது மதிசுதன் லென்ஸ் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

மூடி விரலிலிருந்து நழுவி, பரணின் ஏணிப்படிகளில் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு கீழே போனது. பண்டி தலையைத் தூக்கி மேலே பார்த்தது. பிறகு காட்டுக்குள் திரும்பிப் போனது. ஓடக்கூட இல்லை.

சுட வேண்டிய துவக்கு மூலையில் சாத்தியபடி இருந்தது.

மதிசுதன் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஒரு லாகரில், சாமான் கிடங்கில், பெட்டி அடுக்குகிறவன். மினக்கெட்டுப் படித்து வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணியவன். சனிக்கிழமைகளில் சவுர்லாந்துக்குப் போய், காட்டோரச் சோளத் தோட்டத்தைப் பார்த்தபடி நிற்கும் மரப் பரணில் ஏறி உட்காருவான். அங்கே அவனோடு ஒருவரும் கதைப்பதில்லை. வாரத்தில் அவனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அந்தப் பரண் இப்போது கையைவிட்டுப் போகிற நிலையில் இருந்தது. பண்டி தின்ற சோளத்துக்குத் தோட்டக்காரருக்கு நட்டஈடு கட்ட வேண்டியவர், வேட்டைக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தவர். குத்தகைக்காரர் ஹார்ட்மூட் அன்று காலைதான் பொறுமையிழந்திருந்தார்.

"மற்றப் பரண்களில் இருக்கும் இரண்டு பேரும் சுட்டுவிட்டார்கள். நீ ஒன்றுகூடச் சுடவில்லை. அறுவடைக்குள் ஒரு பண்டி. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் இந்தப் பரணில் வேறு ஆள்."

"சுடலாம். படமும் எடுக்க வேண்டும், அதுதான் தாமதம்."

"எந்தப் படம்?" என்றார் ஹார்ட்மூட். பதிலுக்கு நிற்கவில்லை.

தனியாகக் காட்டுக்குப் போய், தனியாகச் சுட்டு, அதைத் தானே படமெடுத்து யூடியூப்பில் போடுவது மதிசுதனின் திட்டம். சேனலின் பெயர் 'தனிவேட்டை'. அதில் இதுவரை மரங்கள்தான் இருந்தன.

"படம் எடுக்காமல் சுட்டால் பண்டி சாகாதோ?" என்று கேட்டாள் மனைவி சுஜானி.

"செத்தாலும் ஆர் நம்புவினம்? உம்மட தமையனே துருக்கிக் கடையில வாங்கினதெண்டு சொல்லுவார்."

"துருக்கிக் கடையில பண்டி விக்கிறேல்லையப்பா."

மதிசுதன் ஹனோவருக்கு அழைப்பு எடுத்தான். அங்கே கணினி வேலை பார்க்கும் ராகவேந்திராதான் 'தனிவேட்டை'யின் முதல் சந்தாதாரர். கோயம்புத்தூர்க்காரர்.

"மூடியே இல்லாத கேமரா வாங்குங்க ப்ரோ. ஆக்‌ஷன் கேம். நெஞ்சுல கட்டிக்கலாம், ரெண்டு கையும் ஃப்ரீ."

"நீர் எப்பவாவது வேட்டைக்குப் போயிருக்கிறீரோ?"

"ஐயோ, நான் ப்யூர் வெஜ் ப்ரோ. ஆனா எல்லா ரிவ்யூவும் பாத்துட்டேன்."

அடுத்த சனிக்கிழமை நெஞ்சில் கமராவோடு உட்கார்ந்தான். பண்டிகள் குட்டிகளோடு வந்தன. பொத்தானை அழுத்தினான். கமரா 'பீப்' என்றது. பண்டிகள் போய்விட்டன.

"சவுண்டை ஆஃப் பண்ணலையா ப்ரோ?"

"பண்டி போன பிறகு பண்ணினன்."

அதற்கடுத்த முறை ஏணியில் ஏற முன்னமே கமராவை ஓடவிட்டான். காத்திருந்ததில் பாதியில் பற்றரி செத்தது. அதுவரை பதிவானதில் அவனுடைய ஜாக்கெட் மடிப்பு மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. ராகவேந்திராவின் யோசனைப்படி கமரா நெஞ்சிலிருந்து நெற்றிக்கு ஏறியது. ஆனால் குறிபார்க்கத் தலையைச் சரித்தால் நெற்றிக் கமரா பரணின் கூரையைப் பார்த்தது. கூரையில் ஒரு சிலந்தி இருந்தது.

"சிலந்தி செம ஷார்ப்பா வந்திருக்கு ப்ரோ! உங்களுக்கு ஒரு கேமரா பத்தாது. மூணு ஆங்கிள் வேணும்."

ஒன்று பரணில். ஒன்று சோளத்தோரம், முக்காலியில். ஒன்று பண்டி வரும் தடத்தில், மரத்தில் கட்டி. மூன்றையும் போனிலிருந்து இயக்கலாம் என்றார் ராகவேந்திரா. இயக்கியபோது, "இணைப்பு ஏற்படுத்தப்பட்டது" என்று போனுக்குள்ளிருந்து ஒரு ஜெர்மன் பெண் காடு முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதற்குப் பிறகு மதிசுதன் போனை நம்பவில்லை. பற்றரி மாற்றவும் பொத்தான் அழுத்தவும் தானே இறங்கி நடந்தான். தோட்டத்தைச் சுற்றி வியர்த்து விறுவிறுத்து நடந்து, ஏறி, மூச்சு வாங்கி, மறந்துபோன மெமரி கார்டை எடுக்கத் திரும்ப இறங்கினான். கமராக்களின் சிவப்பு விளக்குகள் அங்கங்கே மினுங்கின. சத்தத்தைப் பிடிக்க ரோமத் தொப்பி போட்ட மைக் ஒன்றும் வாங்கியிருந்தான். அதில் அவனுடைய வயிறு இரைவது நன்றாகக் கேட்டது.

பண்டி வரவே இல்லை. தடம்கூட இல்லை.

சோளத் தோட்டத்தின் சொந்தக்காரி உர்சுலா உழவு இயந்திரத்தில் அந்த வழியால் போவாள். நிறுத்தி, முக்காலியைப் பார்ப்பாள். மரத்தைப் பார்ப்பாள். பரணுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போவாள். ஊரில் ஒருவருக்கும் கை காட்டாதவள். தன்னைப் பார்த்து இரக்கப்படுகிறாள் என்று மதிசுதன் நினைத்தான்.

அறுவடைக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை. அவன் நாலாவது பையைக் காரில் ஏற்றும்போது சுஜானி வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள் வேட்டைக்குப் போறியளோ, கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போறியளோ?"

"பகிடி விடாதையும்."

"பரண் வேணுமோ, படம் வேணுமோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

அவன் யோசித்தான். பிறகு பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தான். துவக்கை மட்டும் கொண்டு போனான்.

பொழுதுபட முன்னமே பண்டிகள் வந்தன. பெரிது, சிறிது, கூட்டமாக. காற்று அவன் பக்கம் வீசியது. ஒன்றும் பீப் அடிக்கவில்லை, ஒருவரும் பேசவில்லை. குறிபார்த்தான், சுட்டான். நல்ல பண்டி ஒன்று விழுந்தது. மற்றவை வெருண்டு நேரே சோளத்துக்குள் புகுந்தன. மதிசுதன் இறங்கிப் போய், இந்த நாட்டு வேட்டைக்காரர் கடைசி மரியாதையாகச் செய்வதுபோல, ஓக் மரக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பண்டியின் வாயில் வைத்தான். சோளத்துக்குள் சரசரப்புக் கேட்டபடியே இருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஹார்ட்மூட் தன் முற்றத்தில் வைத்து அவனுக்குக் கை கொடுத்தார். சுட்டவனுக்குச் செய்யும் மரியாதையாகக் கொப்பு ஒன்றை ஒடித்து அவன் தொப்பியில் செருகினார்.

"கடைசியில் சாதித்துவிட்டாய். அடுத்த வருஷமும் பரண் உனக்குத்தான்."

"நன்றி."

"படம்?"

"எடுக்கவில்லை."

முழங்கால்வரை சேறோடு உர்சுலா முற்றத்துக்குள் வந்தாள். அங்கே கிடத்தியிருந்த பண்டியை அவள் பார்க்கவில்லை. மதிசுதனைப் பார்த்தாள்.

"நேற்று உன் கமராக்கள் எங்கே?"

"வீட்டில்."

"நினைத்தேன்." ஹார்ட்மூட்டின் பக்கம் திரும்பினாள். "மற்ற இரண்டு தோட்டத்திலும் அவர்கள் சுடச் சுடப் பண்டி வந்து தின்றது. என் தோட்டத்தில், இவன் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுப் போகும் வாடைக்கே கிழமை முழுக்கப் பண்டி கிட்ட வராமல், நேற்றுவரை ஒரு கதிர் விழவில்லை. இன்று போய்ப் பார். விடியவிடிய உள்ளே நின்று தின்றிருக்கின்றன. பாதித் தோட்டம் படுத்துக் கிடக்கிறது. நட்டஈட்டுக்கு ஆயத்தமாகு."

ஹார்ட்மூட் மதிசுதனின் தொப்பியில் இருந்த கொப்பைப் பார்த்தார். திரும்பப் பிடுங்கலாமா என்று யோசிப்பதுபோல இருந்தது.

"அப்படியென்றால்," என்றார் மெதுவாக, "பரணை வேறு யாருக்காவது..."

"விசர் வேலை பார்க்காதே. பரண் இவனுக்குத்தான்," என்றாள் உர்சுலா. "துவக்கை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்."