புன்னைமேட்டுக் கெட்டிமேளம்

முதல் தாம்பூலத் தட்டு பந்தலைக் குறுக்கே கடந்து பறந்து வந்து, கண்ணையனின் தவில்மேல் 'ணங்' என்று விழுந்தது. வெற்றிலை உலகநாதனின் மடியில் சிதறியது. ஒரு கொட்டைப்பாக்கு அவருடைய நெற்றியைப் பதம் பார்த்தது.

உலகநாதன் நாயனத்தை வாயிலிருந்து எடுத்து, முதலில் அதைத் தடவிப் பார்த்தார். அப்புறம்தான் நெற்றியை.

"ஆரம்பிச்சிட்டாங்கடா கண்ணையா."

"இன்னாண்ணே, விடிஞ்சி இன்னும் வெயிலே ஏறல. அதுக்குள்ளயா?" என்று கண்ணையன் தவிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

பாகூர் ஏரிக்குத் தெற்கே இருந்த அந்தப் புன்னைமேட்டில் மேலண்டை வீட்டார், கீழண்டை வீட்டார் என்று இரண்டு வகையறா. ஊர்க்குளத்தை வெட்டியது மேலண்டை. குளம் வெட்ட நிலம் கொடுத்தது கீழண்டை. ஆகையால் எந்தக் கல்யாணமானாலும் முதல் தாம்பூலம் எங்களுக்குத்தான் என்று இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்கள். குளம் தூர்ந்துபோய் இருபது வருஷம் ஆகிவிட்டது. அது வேறு விஷயம்.

பெண்ணின் அப்பா சிவப்பிரகாசம் இந்தத் தடவை வெகு சாமர்த்தியமாக ஏற்பாடு செய்திருந்தார். ஒரே மாதிரி இரண்டு தட்டு. இரண்டு ஆட்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கிளம்பி, மேலண்டை நாகராஜனுக்கும் கீழண்டை சாமிநாதனுக்கும் ஒரே நேரத்தில் நீட்ட வேண்டியது. எல்லாம் சரி. சாமிநாதனிடம் போன ஆளுக்கு முழங்காலில் வாயு என்பதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அரை அடி பிந்திவிட்டது.

அரை அடி போதாதா? சாமிநாதன் பாய்ந்துபோய் நாகராஜன் கையிலிருந்த தட்டைத் தட்டிவிட்டார். விருந்துக்கு வந்திருந்த பிரெஞ்சு சர்க்காரின் சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரான சொல்தா ஒருவர், முதல் கூச்சல் கேட்டதுமே அந்தத் தூர்ந்துபோன குளத்தைப் பார்வையிடப் போய்விட்டார்.

உலகநாதன் நாயனத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். அது புதிது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மனைவி வள்ளியம்மாள் தன் இரண்டு வளையலையும் கழற்றிக் கொடுத்து வாங்கியது. நேற்று வில்லியனூரிலிருந்து கிளம்பும்போது வாசல்வரை வந்து அவள் சொன்னாள்: "இதுவும் ஒடஞ்சிச்சின்னா, அடுத்ததுக்குக் கயட்டிக் குடுக்க எங்கிட்ட தாலிதான் இருக்குது. ஞாபகம் வச்சிக்க."

பழைய நாயனம் உடைந்த கதை வெளியே சொல்லும்படியானதல்ல. ஊசுட்டேரிப் பக்கம் தங்கவேலு வீட்டுக் கல்யாணத்தில், நெய் பற்றவில்லை என்று சம்பந்திகள் கட்டிப் புரண்டார்கள். சண்டை என்றால் உலகநாதனுக்குக் கை கால் ஓடாது. விரல் மட்டும் ஓடும். என்ன செய்கிறோம் என்று தெரியாமல் கெட்டிமேளத்தை வாசித்துவிட்டார். மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டதும் தாலியைக் கட்டிவிட்டான். முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு நாழிகை பாக்கி. தங்கவேலு நேராக உலகநாதனிடம் வந்தார். நாயனத்தை வாங்கிப் பந்தக்காலில் ஓர் அடி அடித்து, இரண்டாகத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கே உலகநாதன் திருக்காமீசுவரர் சந்நிதியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். இனி ஐயர் கை காட்டாமல் கெட்டிமேளம் இல்லை.

அதற்கு அப்புறம்தான் சிவப்பிரகாசம் அவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து அவர் வாசலில் நின்றார். "எம் பொண்ணு கல்யாணத்துக்கு நீங்கதான் வாசிக்கணும். ஒங்களப் பத்திக் கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

உலகநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. பாகூரில் நாயனக்காரர்களுக்குப் பஞ்சமா? அத்தனை பேரையும் தள்ளிவிட்டு இங்கே வருகிறார் என்றால், தம்முடைய கல்யாணி ராகம் அவ்வளவு தூரம் போயிருக்கிறது என்றுதானே அர்த்தம்! அன்றிலிருந்து கல்யாணியையே சாதகம் செய்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அந்த ராகத்தின் பேரைச் சொன்னாலே கதவைச் சாத்துகிற அளவுக்குச் செய்தார். உடைந்த நாயனத்தைப் பற்றி மட்டும் சிவப்பிரகாசத்திடம் மூச்சு விடவில்லை.

நேற்று வண்டியில் வரும்போதுதான், சிவப்பிரகாசத்தின் வண்டிக்காரர் முத்துசாமி மாட்டின் வாலை முறுக்கிக்கொண்டே சாவகாசமாகச் சொன்னார். "எங்க கனகாம்பா பாப்பாவுக்கு இது மூணாவது பந்தலுங்க."

"மூணாவதா?"

"ஆமாங்க. தாலி கட்றதுக்கு முன்னாடியே சண்ட வந்துடுது. மாப்ள வூட்டுக்காரங்க ஓடிப் பூடுறாங்க. மொத மாப்ள கடலூர்ப் பக்கம், இங்கிலீஷ்காரன் எல்லை. அடி வாங்கிகினு ஓடனவங்க, ஆத்தத் தாண்டி சர்க்கார் மாறனப்புறந்தான் நின்னாங்க."

அப்போதே இறங்கித் திரும்பியிருக்கலாம். கல்யாணி விடவில்லை.

காலையில் வந்து பார்த்தால் எல்லாமே ஒரு தினுசாக இருந்தது. சந்தனம் கொடுக்கும்போதே எல்லார் கையிலும் அட்சதையையும் திணித்தார்கள். தாலித் தட்டு மாப்பிள்ளை தணிகைவேலின் மடியிலேயே இருந்தது. மேளக்காரர்களுக்குப் பந்தலின் ஓரத்தில் பாய் போடுவதுதான் வழக்கம். இங்கே நட்டநடுவில், மேலண்டைக்கும் கீழண்டைக்கும் இடையில் சமுக்காளம் விரித்திருந்தார்கள். இந்த மரியாதை நம் வில்லியனூரில் கிடைக்குமா என்று உலகநாதன் பூரித்துப்போனார்.

இப்போது தலைக்கு மேலே செம்புகள் பறக்கும்போதுதான் அந்த மரியாதையின் கனம் தெரிந்தது.

"அண்ணே, சும்மா இருந்தா நம்ம மேல வந்து வியுவாங்க. எதனா வாசி!" என்றார் கண்ணையன்.

உலகநாதன் யோசித்தார். அழுகிற குழந்தையையே தூங்கவைக்கிற ராகம் நீலாம்பரி. இவர்கள் எம்மாத்திரம்? மெதுவாக, இதமாக எடுத்தார். தவில் அடங்கி ஒலித்தது.

அதுதான் வினையாகப் போயிற்று. அதுவரை மேளச் சத்தத்தில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே விளங்காமல் இருந்தது. இப்போது சாமிநாதன் நாகராஜனின் தமக்கையைப் பற்றிச் சொன்ன ஒரு வாசகம், நீலாம்பரியின் சுருதியோடு சேர்ந்து, சமையல் கொட்டகைவரை தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தமக்கை அங்கேதான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவன்டா அவன்?" என்று அவள் அரிவாள்மணையோடு கிளம்பினாள். பெண்கள் பக்கமும் இரண்டாகப் பிரிந்தது.

"அண்ணே, இது வேலைக்காவாது! வெரசா ஒண்ணு எடு. கவனம் இந்தப் பக்கம் திரும்பும்."

உலகநாதன் விறுவிறுவென்று, பாண்டு வாத்திய மெட்டில் ஓர் இங்கிலீஷ் நோட்டை எடுத்தார். கவனம் திரும்பத்தான் செய்தது. அந்த ஊரில் பாதிப்பேர் சிலம்பம் படித்தவர்கள். தாளம் காதில் விழுந்ததும், அதுவரை கண்டபடி கையை வீசிக்கொண்டிருந்தவர்கள் காலை எடுத்துவைத்து, ஒழுங்காக, அளவாக, குறி தவறாமல் அடிக்க ஆரம்பித்தார்கள். கண்ணையன்தான் என்ன செய்வார், பாவம். ஒவ்வோர் அடி விழும்போதும் அவருடைய கை தானாக முத்தாய்ப்புப்போல் ஒரு தீர்மானம் வைத்தது. அந்த உற்சாகத்தில் எதிராளி திருப்பி ஒன்று வைத்தான்.

"டேய், தவில நிறுத்துடா!" என்று உலகநாதன் கத்தினார்.

"கை நிக்கமாட்டேங்குதண்ணே!"

ஒரு பெஞ்சுப்பலகை உலகநாதனின் காதோரமாகப் போயிற்று. நாயனத்தின் அகன்ற அடிவாயான அணைசு நூலிழையில் தப்பியது. உலகநாதனுக்கு வள்ளியம்மாளின் வெறுங்கை கண்முன் வந்து நின்றது. அந்தத் துக்கம் நேராக விரலுக்கு இறங்கிவிட்டது. தாம் என்ன ராகம் வாசிக்கிறோம் என்பதை, வாசித்த பிறகுதான் அவரே கேட்டார்.

முகாரி.

கல்யாணப் பந்தலில் முகாரி! கூட்டத்தின் பின்னால் இருந்த ஒரு கிழவி, "அய்யய்யோ, யாரு பூட்டாங்க?" என்று மார்பில் அறைந்துகொண்டாள். பழக்கதோஷம். பக்கத்தில் இருந்த நாலு பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள். யார் போனார்கள் என்று பிறகு விசாரித்துக்கொள்ளலாம் அல்லவா?

மாப்பிள்ளையின் அப்பா சுத்துக்கேணிக்காரர். அதுவரை மண்டையில் ஒரு வீக்கத்தோடு பொறுமையாகத்தான் இருந்தார். முகாரியை அவரால் பொறுக்க முடியவில்லை.

"ஏந்திர்றா தணிகைவேலு! அபசகுனம். வண்டியப் பூட்டு, நம்ம வூட்டுக்குப் போவலாம்!"

தணிகைவேல் தாலித் தட்டைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தான். பக்கத்தில் கனகாம்பாள் நிமிர்ந்தாள். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. நேராக உலகநாதனைப் பார்த்தாள். அவர் இன்னும் ஏதோ செய்யப் பாக்கி இருப்பதுபோல், கண்ணில் நீர் முட்ட, அவரையே பார்த்தாள். உலகநாதனுக்கு உயிரே போய்விட்டது. தம்முடைய முகாரியால் ஒரு பெண்ணின் மூன்றாவது பந்தலும் பிரியப்போகிறதே!

அந்தச் சமயம் பார்த்து நாகராஜனும் சாமிநாதனும், ஒருவர் குடுமியை ஒருவர் பிடித்தபடி, இரண்டு வண்டி நெல் சரிவதுபோல் சமுக்காளத்தின்மேல் சரிந்தார்கள்.

அவ்வளவுதான். சத்தியம், கற்பூரம், திருக்காமீசுவரர் எல்லாம் பறந்தன. உலகநாதன் கண்ணை இறுக மூடிக்கொண்டு கெட்டிமேளத்தை எடுத்தார். ஏன், எதற்கு என்று கேட்டுப் பழக்கமில்லாத கண்ணையனின் கை அதைவிட ஓங்கி முழங்கியது.

இதுவும் பழக்கதோஷம்தான். பந்தலில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. நாகராஜன் இடது கையில் சாமிநாதனின் குடுமியை விடாமல், வலது கையால் அட்சதையை எடுத்து மணவறைப் பக்கம் வீசினார். சாமிநாதனும் வீசினார். அரிவாள்மணைக்காரி வீசினாள். ஒப்பாரி அப்படியே குலவையாக மாறியது. மாப்பிள்ளையின் அப்பா மகனை இழுத்துக்கொண்டிருந்த கையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் செய்தார். பாதி எழுந்த தணிகைவேல் பாதியிலேயே குனிந்து தாலியைக் கட்டினான். மூன்று முடிச்சும் விழுந்தது.

மேளம் நின்றது. சண்டையும் நின்றிருந்தது.

உலகநாதன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். சிவப்பிரகாசம் விடுவிடுவென்று அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார். மிக அருகில் ஒரு பந்தக்கால் இருந்தது. நல்ல உறுதியான பந்தக்கால்.

"ஐயா, நாயனத்த மட்டும் விட்டுடுங்க," என்று உலகநாதன் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "வேணும்னா என்ன அடிங்க."

சிவப்பிரகாசம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தம் தோளில் இருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து உலகநாதனுக்குப் போர்த்தினார்.

கல்யாணம் முடிந்த பிறகு சண்டை போட யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. மேலண்டையும் கீழண்டையும் தலையில் துணிக்கட்டோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் குடித்தார்கள். சொல்தாவும் குளத்திலிருந்து திரும்பி வந்து நாகராஜனுக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். உலகநாதன் கடைசியாகத் தம் கல்யாணியை வாசித்தார். ஒருவரும் கேட்கவில்லை. கனகாம்பாள் மட்டும் கேட்டாள். கழுத்தில் புது மஞ்சள் சரடு மின்ன, முகமெல்லாம் சிரிப்பாக, முழு ராகத்தையும் கேட்டாள். அது போதும் என்று இருந்தது அவருக்கு.

பிற்பகல் வெயிலில் வண்டி வில்லியனூரைப் பார்த்துத் திரும்பியது. உலகநாதன் நாயனத்தைப் பட்டு அங்கவஸ்திரத்தில் சுற்றி, குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார். ஒரு கீறல் இல்லை. வள்ளியம்மாளின் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம்.

"ஒண்ணு மட்டும் புரியலடா கண்ணையா," என்றார். "ஐயர் கையக் காட்டாம நான் வாசிச்சதுக்கு, அவருகூட ஒரு வார்த்த கேக்கல."

"ஒங்க அதிர்ஷ்டம்ணே. ஊசுட்டேரி சமாசாரம் இவங்க காதுல மட்டும் வியுந்திருந்திச்சின்னா, நம்மள இந்தப் பக்கமே கூப்ட்டிருக்க மாட்டாங்க."

முன்னால் உட்கார்ந்திருந்த முத்துசாமி மாட்டை ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஒண்ணுங்க! அன்னிக்கு ஒங்க நாயனத்த ஒடச்சாரே தங்கவேலு, அவுருதானுங்க எங்க ஐயாகிட்ட, 'எந்தச் சண்டையிலயும் கல்யாணம் நிக்காம முடியணும்னா இந்தப் பயந்தாங்கொள்ளியக் கூட்டிகினு போ'ன்னு ஒங்க வூட்டுக்கு வழி சொல்லி அனுப்புனாரு!"